தொட்டி பாரின் ஜன்னல் மேஜை

போன மாதம் ஹைடெக் சிட்டி பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். போனேன். சுவரெல்லாம் கறுப்பு, நாற்காலியெல்லாம் உயரம், பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு பெண் மைக்கை நீட்டிக் கேட்டாள்.

"அங்கிள், உங்க பழைய பார்ல விசிட்டர்ஸுக்கு என்னென்ன ஆஃபர் பண்ணீங்க?"

நான் முழித்தேன். வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று வேலை பார்த்தவன், இந்தக் கேள்விக்கு மடமடவென்று பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது ஒரு வார்த்தைதான். "கட்லெட்" என்றேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் லோத்குண்டாவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது மனசு ஆறவில்லை. கட்லெட்டா? அவ்வளவுதானா? அந்தப் பெண்ணுக்குச் சரியான பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அது என்ன என்பதில்தான் குழப்பம். எழுதினாலாவது தெளிகிறதா பார்க்கலாம்.

எங்கள் பார் சிக்கந்தராபாத் மோண்டா மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது. பெயர்ப்பலகையில் பென்ரோஸ் என்று ஒரு வெள்ளைக்காரர் பெயர். அவர் யார், எப்போது வந்தார், எப்போது போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதலாளி குடும்பத்துக்கும் தெரியாது. வாசலில் குதிரைகள் தண்ணீர் குடிக்க வெட்டிய பெரிய கருங்கல் தொட்டி ஒன்று கிடந்தது. குதிரைகள் போய், காய்கறிக்காரர்கள் அதில் கொத்துமல்லிக் கட்டுகளை அலசிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஊர் முழுக்க எங்களுக்குத் தொட்டி பார் என்றுதான் பெயர்.

உள்ளே உயரமான கூரை, நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள், பளிங்குப் பலகை மேஜைகள், தேக்கு கவுண்டர், கால் வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி. மாடியில் வெளியூர் வியாபாரிகள் தங்கச் சில அறைகள். சமையல்கட்டில் யாதகிரி. அவர் போடும் மட்டன் கட்லெட்டுக்காகவே குடிக்காதவர்களும் வந்தார்கள். குடிக்காதவர்களில் நானும் ஒருவன், மானேஜரும் ஒருவர். பாரில் வேலை பார்த்துவிட்டு ஒரு சொட்டு தொட்டதில்லை என்றால் என் மச்சானே நம்புவதில்லை.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு இங்கே வந்தது. அப்பா ராணுவ மெஸ்ஸில் சமையல். நான் தொட்டி பாரில் கிளாஸ் கழுவச் சேர்ந்து, டிரே பிடித்து, பிறகு பரிமாறுகிறவர்களுக்குத் தலைவனாக, கேப்டன் என்று கறுப்புக் கோட்டு போடும் அளவுக்கு வந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கிளாஸ்கள் உடைந்தன, திட்டு விழுந்தது, கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் ரஹீம் சாஹிப், எங்கள் மானேஜர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, கையைப் பின்னால் கட்டிய நடை. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஒருமுறை சமையல்கட்டில் தீப்பிடித்தபோதுகூட நடந்துதான் வந்தார். காலையில் ஒவ்வொரு கிளாஸையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பெக் அளப்பது விருந்தாளியின் கண்ணெதிரில் நடக்க வேண்டும், பாட்டிலின் லேபிள் அவரைப் பார்த்து இருக்க வேண்டும். சோடாவை மேஜைக்குக் கொண்டுபோய் அவர் எதிரில்தான் உடைக்க வேண்டும். ஒருவருக்குப் போதும் என்று தோன்றினால் போதும் என்று சொல்லக் கூடாது. ஒரு கிளாஸ் தண்ணீரைச் சாஸரில் வைத்து, கேட்காமலே கொண்டுபோய் வைக்க வேண்டும். பழைய ஆட்களுக்கு அது புரியும். எழுந்து போய்விடுவார்கள். பதவியில் இருந்த ஒரு கர்னல் அந்தச் சாஸரைப் பார்த்துவிட்டு எழுந்து, ரஹீம் சாஹிபுக்கு ஒரு சல்யூட் வைத்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழக்கம் இருந்தது. நரை விழுந்த யார் உள்ளே வந்தாலும் முதல் வார்த்தை இதுதான்: "பஹுத் தின் ஹோ கயே, சாப்." தமிழர் என்றால் "ரொம்ப நாளாச்சு சார்." தெரிந்தவரா தெரியாதவரா என்று யோசிக்கவே கூடாது.

"தேவராஜ் மியான், இது கண்டோன்மென்ட் ஊர்" என்பார். "இன்னைக்கு டிரான்ஸ்ஃபர்ல போறவன் தலை நரைச்சுத் திரும்பி வருவான். அவன் மூஞ்சி நமக்கு ஞாபகம் இருக்குமா? நீங்க யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா அவன் மனசு உடைஞ்சு போகும்."

"புது ஆளா இருந்தா சாஹிப்?"

"புது ஆள்னா அவனே சொல்வான், முதல் தடவை வர்றேன்னு."

"சொல்லியிருக்காங்களா?"

ரஹீம் சாஹிப் ஒரு கிளாஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை" என்றார். அது எப்படி என்று எனக்கு அப்போதே குழப்பம்தான். ஆனால் அவரிடம் மேற்கொண்டு கேட்கிற வழக்கம் இல்லை.

ரெண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் எங்கள் கூட்டம் மாற ஆரம்பித்தது. அதுவரைக்கும் ராணுவம், ரயில்வே, குதிரைப் பந்தயம், காய்கறி கமிஷன் மண்டிக்காரர்கள். இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவன் மொஹீத்தோ என்று ஏதோ ஒரு பானம் கேட்டான். யாதகிரியிடம் போய் என்னவோ பச்சை இலை போட்டுக் கேட்கிறான் என்றேன். அவர் வாசல் தொட்டியிலிருந்து கொத்துமல்லி எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் குடித்துவிட்டு, "ரொம்ப வித்தியாசமா இருக்கு அங்கிள்" என்று இன்னொன்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இவர்கள் தங்களோடு அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த கம்பெனி விருந்தாளிகளைக் கூட்டி வருவார்கள். அவர்கள் தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து கேட்பது ஒரே கேள்வி. இந்த இடத்தின் கதை என்ன? எங்களிடம் கதை இல்லை. முதலாளியின் மருமகன் வம்சி அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். அவர் தலையில் அடித்துக்கொள்வார். "அங்கிள், இவ்வளவு பழைய கட்டடம், ஒரு கதைகூட இல்லையா?"

கதை ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், வேட்டி கட்டிக்கொண்டு, கையில் குடையும் தோளில் காய்கறிப் பையுமாக உள்ளே வந்தது.

பையிலிருந்து வாழைப்பூ எட்டிப் பார்த்தது. வேட்டியைப் பார்த்ததும் தமிழர் என்று தெரிந்துவிட்டது. நரைத்த தலை. நான் முன்னால் போய்க் குனிந்து, "ரொம்ப நாளாச்சு சார்" என்றேன்.

அவர் நின்றார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆமா... ரொம்ப நாளாச்சு" என்றார்.

அந்தக் குரலில் இருந்த தயக்கம் எனக்கு வேறு மாதிரி பட்டது. பாவம், எவ்வளவு காலம் கழித்து வருகிறாரோ என்று நாக்கு தானாக ஓடியது. "வழக்கமான இடம்தானே சார்?"

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொட்டியைப் பார்த்த ஜன்னல் ஓர மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் குரோட்டன்ஸ் செடி வைத்த மண்தொட்டி. பையைக் காலடியில் வைத்தார்.

"வழக்கமானதுதானே சார்?"

"அதேதான்" என்றார்.

எங்கள் பாரில் இது ஒரு கண்டிஷன். வழக்கமானது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அது என்ன என்று திருப்பிக் கேட்கவே கூடாது. நான் வேர்த்துப்போய் உள்ளே ஓடினேன். நானும் யாதகிரியும் ரஹீம் சாஹிபும் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தோம்.

"நாக்கு தெலுசு" என்றார் யாதகிரி தெலுங்கில், எனக்குத் தெரியும் என்று. "ரம்மு, வெந்நீர், எலுமிச்சை. கட்லெட்டோட கடுகு. இந்த ஆளுக்கு நான் எத்தனை தடவை அனுப்பியிருக்கேன்!"

ரஹீம் சாஹிப் கண்ணை மூடிக்கொண்டார். "ஹவ், ஹவ், ஆமா. உயரமான ஒரு பெரியப்பாவோட வருவார். அப்போ மீசை இருந்தது."

அவர்கள் இவ்வளவு தீர்மானமாகச் சொன்னதும் எனக்கும் அந்த மீசை ஞாபகத்துக்கு வந்தது. அந்த வெயிலில் ரம்மும் வெந்நீரும் கொண்டுபோய் வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணிரண்டும் கலங்கித் தண்ணீர் வழிந்தது. பழைய நாள் ஞாபகம் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் யாதகிரியிடம் சொன்னபோது அவரும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் பெயர் சண்முகவேல். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மகன் வீட்டில் இருந்தார். சின்ன வெங்காயமும் வாழைப்பூவும் வாங்க வாரம் ஒருமுறை மோண்டாவுக்கு வருவார். வந்தால் எங்களிடம் ஒரு மணி நேரம். கட்லெட்டை ரசித்துச் சாப்பிடுவார், ரம் கிளாஸ் எப்படியோ காலியாகும், வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்புவார். குடித்த அடையாளமே தெரியாது. என்ன கட்டுப்பாடான மனுஷன் என்று நாங்கள் வியந்துகொள்வோம். ஜன்னல் ஓரத்துக் குரோட்டன்ஸ் மட்டும் ஏனோ பட்டுப்போய்க்கொண்டே இருந்தது. வெயில் படுகிற இடம், அதனால்தான் என்று அங்கேயே புதுச் செடியாக மாற்றி வைத்துக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் கேட்டேன். "அந்தக் காலத்துல இங்க எப்படி இருந்தது சார்?"

அவர் ஹாலை ஒருமுறை பார்த்தார். மூலையில் தரையில் நான்கு பள்ளங்கள் இருந்தன. "அந்த மூலையில ஒரு பியானோ கெடந்துச்சே தம்பி, அத எங்கிட்டுக் கொண்டு போனீங்க?"

நான் ஓடிப்போய் ரஹீம் சாஹிபிடம் சொன்னேன். அவருக்கு அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. யாதகிரி மட்டும் அங்கே ஐஸ் பெட்டிதான் இருந்தது என்று முணுமுணுத்தார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்?

அதற்கப்புறம் வாரம் ஒரு கதை. அதில் பெரிய கதை குதிரை கதை. வெள்ளைக்கார கேப்டன் ஒருவன் சண்டையில் செத்துப்போனானாம். அவன் ஏறி வந்த சாம்பல் குதிரை மட்டும் சாயங்காலம் தவறாமல் தானாக வந்து வாசல் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, இந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டுப் போகுமாம். வம்சி இதைக் கேட்டுவிட்டுக் குதித்தார். "அங்கிள், இதுதான் நம்ம யுஎஸ்பி! வேற எந்த பார்லயும் இல்லாதது!" மெனு அட்டையின் பின்பக்கம் அச்சடித்துவிட்டார். ஜன்னல் மேஜையைக் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கிழவர் மெனுவைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாத்தா இந்த ஊரில் இருந்தவராம், அந்தக் குதிரையைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்கிறாராம்.

இப்படியே சில வருஷம் ஓடியது. அப்புறம் வம்சி ஹாலைப் புதுப்பித்தார். திறப்பு நாளில் சண்முகவேல் சாருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், ஜன்னல் மேஜைக்கு மேலே அவர் படத்தை மாட்டி, கீழே பித்தளைத் தகட்டில், இன்ன வருஷத்திலிருந்து வரும் எங்கள் மூத்த விருந்தாளி என்று பொறிக்க வேண்டும் என்று வம்சிக்கு ஆசை. பெரியவருக்கே தெரியாமல் ஏற்பாடு செய்து, அவர் வழக்கமாக வரும் நாளில் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணையும் போட்டோகிராபரையும் உட்கார வைத்திருந்தார்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், முதல் தடவை இங்க வந்தது எந்த வருஷம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். சொல்லுங்க சார் என்று தலையை ஆட்டினேன். அவர் எழுந்தார். காய்கறிப் பையை எடுத்தார். வெளியே போய்விட்டார். குடை நாற்காலியிலேயே தொங்கியது.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஜன்னல் மேஜையை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். என்ன தப்பு செய்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். வயசைக் கேட்ட மாதிரி ஆகிவிட்டதா? போட்டோ பிடிக்காதவரா? சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு வேலையே ஓடவில்லை. கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு குகட்பள்ளிக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் காலனியில் ஒரே மாதிரி வீடுகள். சண்முகவேல் என்றால் யாருக்கும் தெரியவில்லை. வேட்டி கட்டின தமிழ்க்காரர் என்று தெலுங்கில் சொன்ன பிறகுதான் மளிகைக் கடைக்காரர், "ஓ, அரவ தாத்தாவா!" என்று கை காட்டினார். தமிழை அங்கே அரவம் என்பார்கள்.

மகன்தான் கதவைத் திறந்தார். குடையைக் காட்டினேன். பார் என்று சொல்ல வாய் வரவில்லை. மார்க்கெட் பக்கம் சாப்பாட்டுக் கடை என்றேன். "அப்பா பழைய கஸ்டமர் தம்பி. அந்தக் காலத்துலேர்ந்து எங்ககிட்டதான் வருவார்."

அவர் சிரித்தார். "ஆள் மாறிப்போச்சு அங்கிள். எனக்கு இங்க வேலை கிடைச்ச பிறகுதான் எங்கப்பா இந்த ஊருக்கே வந்தார். அதுக்கு முன்னாடி ஆந்திரா எந்தத் திசைன்னுகூட அவருக்குத் தெரியாது."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மகனுக்குப் பின்னால் சண்முகவேல் சார் நின்றுகொண்டிருந்தார். "வாங்க தம்பி, பஸ் ஏத்தி விடுதேன்" என்று செருப்பை மாட்டினார்.

பஸ் ஸ்டாப் நிழற்குடையில் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நா வந்தது ஒரு சோடா குடிக்கத்தான் தம்பி. வெயிலு தாங்கல. அது சாராயக் கடைன்னே எனக்குத் தெரியாது. நீங்க ரொம்ப நாளாச்சுன்னு அம்புட்டுப் பிரியமாச் சொன்னீங்க. யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றாருன்னு தெரிஞ்சுச்சு. இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்க மொகத்தப் பாத்தா சொல்ல முடியல."

"அந்த ரம்மு?"

"என் ஆயுசுல அதுதான் மொதலும் கடேசியும். நெஞ்சு எரிஞ்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் வாராவாரம் செடிக்குத்தான் ஊத்துனேன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நல்ல கோபம் வந்தது. இத்தனை வருஷம் எங்களை வைத்து விளையாடியிருக்கிறாரே என்று. "அப்ப அந்தக் குதிரை?"

"ஒரு காலண்டர்ல அச்சடிச்ச படம். நீங்க ஆசையாக் கேட்டீங்க, எதாச்சும் சொல்லணும்ல?"

"ஒரு வெள்ளைக்காரர் அதைக் கேள்விப்பட்டிருக்கேன்னு சொன்னாரே சார்!"

"அவருக்கும் நீங்க ரொம்ப நாளாச்சுன்னு சொல்லியிருப்பீங்க" என்றார்.

சொல்லித்தான் இருந்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

"இந்தக் காலனியில நா அரவ தாத்தா. பேரப்பிள்ளைக தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் பேசுதுக, தமிழ்ல கேட்டா சிரிச்சுட்டு ஓடுதுக. உங்க கடையில மட்டுந்தான் சண்முகவேல் சார். அதுக்காகத்தான் வந்தேன், பொய் சொல்லல. ஆனா அன்னைக்கு அந்தப் பொண்ணு வருஷம் கேட்டதும் பயந்து போயிட்டேன். இது வேற ஒருத்தரோட எடம். அவரு எங்க இருக்காரோ, எப்ப வருவாரோ. அவரு எடத்துல என் படத்த மாட்டிப்புட்டா, அந்த மனுசன் ஒருநாள் வந்து நின்னாருன்னா என்ன பண்ணுவேன்? சொல்லுங்க தம்பி, அந்த ஆளு யாரு?"

இதுதான் என் உத்தியோகத்திலேயே எனக்கு வந்த கஷ்டமான கேள்வி. அப்படி ஓர் ஆள் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். நரைத்த தலையோடு வருகிற எல்லோருக்கும் நாங்கள் சொல்வது அது, எங்கள் வழக்கம், பிரியம் ஒன்றும் இல்லை என்று. அதைச் சொன்னால் இந்த ஊரில் அவருக்கு என்று இருக்கும் ஒன்றை நானே பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும். சொல்லாவிட்டால் அவர் இன்னொருவர் இடத்தைத் திருடியதாக நினைத்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குத்தான் நஷ்டம். பஸ் வந்தது. "எனக்கே சரியாத் தெரியல சார்" என்று உளறிவிட்டு ஏறிவிட்டேன்.

ரஹீம் சாஹிபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போதெல்லாம் வேலையைக் குறைத்துக்கொண்டு கவுண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முழுக்கக் கேட்டுவிட்டு ஹாலின் மூலையைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பியானோ?" என்றார் கடைசியில்.

"அதுவும் இல்லை சாஹிப்."

"நான் அதை வாசிச்சுக் கேட்டிருக்கேனே, தேவராஜ் மியான்" என்றார். அவர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இப்ப நான் என்ன பண்றது சாஹிப்? எல்லாருக்கும் சொல்றதுதான்னு அவர்கிட்ட சொல்லிரட்டுமா?"

"நக்கோ, வேண்டாம். சொன்னா அவர் கையில என்ன மிஞ்சும்?"

"சொல்லாட்டி வரமாட்டேங்கறாரே."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று நடந்தார். பிறகு வம்சியைக் கூப்பிட்டு, உயிரோடு இருக்கிற மனுஷன் படத்தைச் சுவரில் மாட்டுவது இந்த ஊர் மரியாதை இல்லை என்று சொல்லிவிட்டார். வம்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ரஹீம் சாஹிப் சொல்லை மீறுகிற தைரியமும் அவருக்கு இல்லை. தகடு வரவில்லை. குதிரை மட்டும் மெனுவிலேயே இருந்தது. இப்போதும் யாராவது அந்தக் கதையைச் சொன்னால் எனக்கு அந்தச் சாம்பல் குதிரை ஜன்னல் வழியாகப் பார்ப்பது தெரிகிறது. பொய் என்று தெரிந்தும் தெரிகிறது.

மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கறுப்புக் குடை ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே வராமல், போகவும் செய்யாமல் நிற்கிறது. தோளில் பை.

எனக்கு என்ன சொல்வது என்று அப்போதும் தெரியாது. வாசலுக்குப் போனேன். எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தையோ, அதைத்தான் வாய் சொன்னது.

"ரொம்ப நாளாச்சு சார்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ரொம்ப நாள்தான் ஆகியிருந்தது. அவர் வராத நாட்களை நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். குடையை மடக்காமலே கேட்டார்.

"அந்த ஆளு வந்தாரா தம்பி?"

"இப்பதான் சார் வர்றார்" என்றேன்.

அவர் குடையை மடக்கினார். செருப்பை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியில் இருந்த ரஹீம் சாஹிப் எழுந்து நின்று நெற்றியில் கை வைத்து ஆதாப் சொன்னார். சண்முகவேல் சார் ஜன்னல் மேஜைக்குப் போய், நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். குரோட்டன்ஸ் செடி அவர் இல்லாத மாதங்களில் நன்றாகத் தழைத்திருந்தது. அதைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

நான் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். "வழக்கமானதுதானே சார்?"

"வேணாம் தம்பி" என்றார். "ஒரு சோடா குடுங்க."

சோடாவைக் கொண்டுபோய் அவர் எதிரிலேயே உடைத்தேன். அவர் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கேஸ் ஏறியதா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை, கட்லெட் கொண்டுவர உள்ளே போனேன்.